தரை தாழ்ந்த இன்னோவா: ஓராண்டு ஓட்டிய பிறகு ஹைகிராஸ் பற்றி

என் அம்மாவுக்கு 74 வயது; இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். எங்களிடம் முன்பு இருந்த டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவில் ஏறுவதற்கு அவர் ஒரு கையால் மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையை என் தோளில் ஊன்றி, ஒரு காலை உள்ளே வைத்துச் சற்று மூச்சு வாங்கிய பிறகே மற்றக் காலைத் தூக்குவார். அதற்கு அடுத்து வந்த இன்னோவாவான ஹைகிராஸ் வீட்டுக்கு வந்த அன்று, இருக்கையின் ஓரத்தில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் கைகொடுக்கவில்லை. மதுரையை மையமாக வைத்து ஓராண்டு ஓட்டிவிட்ட இந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்தத் தரையின் உயரத்திலிருந்தே பேசத் தொடங்குகிறேன். இதன் பெரும்பாலான நிறைகளும் சில குறைகளும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

2000ஆம் ஆண்டில் வந்த குவாலிஸ், 2005இல் வந்த முதல் இன்னோவா, 2016இல் வந்த கிரிஸ்டா ஆகிய மூன்றுக்கும் அடித்தளம் ஒரே வகையானது: லாரிகளுக்கு இருப்பதைப் போன்ற ஏணி வடிவச் சேசிஸ், அதன் மேல் தனியாகப் பொருத்தப்பட்ட உடற்கூடு, முன்னே நீளவாக்கில் எஞ்சின், அங்கிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லத் தரைக்கடியில் ஓடும் நீண்ட தண்டு. கிராமத்துப் பாதைகளையும் பல லட்சம் கிலோமீட்டர் வாடகை ஓட்டத்தையும் தாங்கிய உறுதி அந்த அமைப்பிலிருந்து வந்தது. ஆனால் பயணிகளின் கால்கள் சேசிஸுக்கும் தண்டுக்கும் மேலேதான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அதனுடனேயே வந்தது. 2022 நவம்பரில் அறிமுகமான ஹைகிராஸில் இந்த அமைப்பு முழுவதையும் டொயோட்டா ஒரே வீச்சில் கைவிட்டது. சேசிஸும் உடற்கூடும் ஒன்றாக வார்க்கப்பட்டதுபோன்ற மோனோகாக் அமைப்பு, குறுக்குவாக்கில் எஞ்சின், முன்சக்கர இயக்கம். தண்டு இல்லாததால் தரை தாழ்ந்தது. தாழ்ந்ததோடு சமதளமாகவும் ஆயிற்று.

இரண்டு வண்டிகளின் அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் பலன் தெளிவாகத் தெரியும். கிரிஸ்டாவின் நீளம் 4,735 மி.மீ.; ஹைகிராஸின் நீளம் 4,755 மி.மீ. வெளியே கூடியது வெறும் 20 மி.மீ. மட்டுமே. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,750இலிருந்து 2,850 மி.மீ. ஆகியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் நிறுத்துவதற்குத் தேவைப்படும் இடம் ஏறத்தாழ மாறாமலே, மனிதர்கள் உட்காரும் பகுதி நான்கு அங்குலம் நீண்டிருக்கிறது. குறுக்கே திரும்பிய எஞ்சின் விட்டுக்கொடுத்த இடம் அது.

வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிமிர்ந்த பானெட், அகன்ற முன்கிரில், சக்கர வளைவுகளைச் சுற்றிய கறுப்புப் பட்டை என்று முன்பாதி முழுவதும் எஸ்யூவியின் சாயலைத் தாங்கியிருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது வேன்தான். பெயரில் உள்ள ‘கிராஸ்’ இந்தக் கலப்பைத்தான் குறிக்கிறது. அந்தக் கலப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. எஸ்யூவி தோற்றத்துக்காகக் கூரையைப் பின்புறம் சரித்துக் கடைசி வரிசைக்காரர்களின் தலையில் இடிக்கும்படி செய்யும் பழக்கம் இப்போது பல வண்டிகளில் பரவியிருக்க, இங்கே கூரை கடைசி வரை கிட்டத்தட்ட நேராகவே போகிறது. கதவுகள் மட்டும் வழக்கம்போல் வெளிப்புறமாகத் திறப்பவை. எங்கள் தெரு அகலம் குறைந்தது. அடுத்த வீட்டுச் சுவருக்கும் வண்டிக்கும் இடையில் கதவைப் பாதி திறந்து வயதானவர்களை இறக்கும்போதெல்லாம், சறுக்கித் திறக்கும் கதவு இருந்திருந்தால் இந்த வண்டி முழுமையான குடும்ப வேனாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நாங்கள் வாங்கியது பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் எஞ்சினுடன் கூடிய 7 இருக்கை இசட்எக்ஸ் வகை. இதன் நடுவரிசையில் இரண்டு தனித்தனிக் கேப்டன் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றின் சாய்மானத்தையும், கெண்டைக்காலைத் தாங்க முன்னே எழும்பும் ஒட்டோமான் பலகையையும் பொத்தானால் இயக்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன பயணத்தில் அம்மா கால்களை நீட்டியபடியே வந்தார். இறங்கும்போது வழக்கமாக வரும் கால்வீக்கம் அன்று குறைவாக இருந்தது. இந்த ஒரு வசதிக்காகவே மேல்வகையை வாங்குவோர் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடையில் வண்டியைப் பார்க்கும்போது கவனிக்கத் தவறும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இந்த இருக்கைகளைப் பின்னுக்குத் தள்ளி, ஒட்டோமானையும் முழுவதும் நீட்டினால், மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் முழங்காலை வைக்க இடமிருக்காது. நால்வர் போகும்போது அரசவைபோல் இருக்கும் அதே இருக்கை, ஏழு பேர் போகும்போது முன்னுக்கு நகர்ந்து, நிமிர்ந்து, சாதாரண இருக்கையாகிவிட வேண்டியிருக்கிறது. விளம்பரப் படத்தில் நீட்டிய கால்களும் நிறைந்த மூன்றாம் வரிசையும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று எண்ணி வாங்குபவர் ஏமாற்றமடைவார்.

மூன்றாம் வரிசையில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். என் உயரம் ஐந்தடி எட்டங்குலம். நடுவரிசையில் இருப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், முழங்கால் இடிக்காமல், தலை கூரையில் படாமல், சாய்மானத்தைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு வர முடிகிறது. இரண்டு பெரியவர்களுக்கு அது நல்ல இருக்கைதான். மூன்று பேருக்கு இடம் என்பது ஏட்டுக்கணக்கு. நடுவில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம், அவ்வளவே. கூரையிலிருந்து பின்வரிசைகளுக்கு வரும் ஏசி காற்று மே மாதத்து மதுரை வெயிலிலும் போதுமானதாக இருந்தது. இசட்எக்ஸ் வகையில் உள்ள அகன்ற சன்ரூஃபின் திரையைப் பகலில் நாங்கள் திறப்பதே இல்லை. கொடைக்கானலில் ஒரு மாலை மட்டும் பிள்ளைகள் மேகத்தைப் பார்க்கத் திறந்தோம்.

டிக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று வரிசைகளும் நிமிர்ந்திருக்கும்போது இதன் கொள்ளளவு 300 லிட்டர். குலசாமி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன அன்று, பானை, அரிசி மூட்டை, தேங்காய்ப் பை, விறகுக்கட்டு, ஏழு பேரின் துணிப்பைகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். தரைக்குக் கீழே பள்ளமாக இறங்கும் அமைப்பு இருப்பதால் பானையும் மூட்டையும் உருளாமல் அமர்ந்தன. துணிப்பைகளில் இரண்டு கடைசியில் மடியில்தான் வந்தன. கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசையை மடித்தால் இருக்கைகள் இரு பக்கமும் சன்னலை மறைத்துத் தொங்கிக்கொண்டு நிற்கும். ஹைகிராஸில் அது பாதி பாதியாகத் தரையோடு மடிந்துவிடுகிறது, பின்னால் பார்வையும் மறைவதில்லை. ஒரு பாதியை மட்டும் மடித்துவிட்டு ஆறு பேராகப் போகும்போது சாமான்களுக்குக் குறையே இல்லை. ஹைபிரிட் பேட்டரி டிக்கியில் இடம் பிடிக்காமல் வேறிடத்தில் ஒதுங்கியிருப்பதும் இதற்கு உதவுகிறது.

ஓட்டும் அனுபவத்தில் டீசல் கிரிஸ்டாவிலிருந்து வருபவருக்கு முதலில் தெரிவது அமைதி. இதில் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 186 குதிரைத்திறனைத் தருகின்றன. வண்டி எப்போது எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. நாம் மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் பெரும்பாலும் மோட்டார் மட்டுமே வேலை செய்கிறது. பிரேக் மிதிக்கும்போது வீணாகும் வேகம் மின்சாரமாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால்தான், மற்ற வண்டிகள் எரிபொருளைக் குடிக்கும் நகரநெரிசலில்தான் இது சிக்கனமாக ஓடுகிறது. சோதனை முறையில் நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கி.மீ.; தொட்டியை முழுவதும் நிரப்பி நிரப்பி நாங்கள் போட்ட கணக்கில், ஏசியோடும் ஆட்களோடும் 16 முதல் 18 வரை கிடைக்கிறது. நாற்கரச் சாலையில் நூறுக்கு மேல் தொடர்ந்து விரட்டினால் அந்த எண் இறங்கிவிடும், ஏனெனில் அங்கே பிரேக்குக்கும் மோட்டாருக்கும் வேலை குறைவு.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏசியின் கம்ப்ரஸர் மின்சாரத்தில் இயங்குவதால், ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது எஞ்சின் அணைந்தே இருக்க, உள்ளே குளிர் தொடர்கிறது. பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானாக உயிர்பெற்றுச் சிறிது நேரம் ஓடி, மறுபடி அணைந்துவிடும். கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த அமைதி எவ்வளவு பெரிது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

மலைப்பாதையில் இதன் குணம் வேறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏழு பேருடன் ஏறியபோது சக்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் முந்திச் செல்வதற்கு மிதியை அழுத்தினால், எஞ்சின் ஒரே சுருதியில் உரக்க முழங்குகிறது. வழக்கமான கியர் மாற்றம் இல்லாத அமைப்பு என்பதால், ஒலி ஏறும் அளவுக்கு வேகம் உடனே ஏறுவதுபோல் உணர முடியவில்லை. டீசலின் அடித்தள இழுவைக்குப் பழகியவருக்கு இது சில வாரம் உறுத்தும். இறங்கும்போது பேட்டரி விறுவிறுவென்று நிறைகிறது; நிறைந்த பிறகு மேற்கொண்டு மின்சாரத்தைச் சேமிக்க இடமில்லாததால், எஞ்சினே தடையாகச் சுழன்று வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. எரிபொருளை எரிக்காமல் எழும் அந்த இரைச்சலை முதல் முறை கேட்டு நான் பழுது என்றே நினைத்து ஓரங்கட்டினேன். ஸ்டியரிங் கிரிஸ்டாவைவிட மிக இலகு. கொண்டை ஊசி வளைவுகளில் என் மனைவியே முழுத்தூரமும் ஓட்டிவந்தார், பழைய வண்டியில் அவர் மலையேற மறுத்துவிடுவார்.

உடற்கூடு ஒன்றானதால் வளைவுகளில் உருளுதல் குறைந்திருக்கிறது, கடைசி வரிசையில் வாந்தி எடுக்கும் என் மகள் இந்த முறை எடுக்கவில்லை. அதே சமயம், பின்புறம் இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குச்சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வகைச் சஸ்பென்ஷனும், பக்கச்சுவர் உயரம் குறைந்த 18 அங்குல டயர்களும் சேரும்போது, பள்ளம் விழுந்த ஊராட்சிச் சாலைகளில் மூன்றாம் வரிசைக்காரர்களுக்கு ஒவ்வொரு குழியும் தெரிகிறது. நாள்தோறும் கரடுமுரடான பாதையில் முழுச்சுமையோடு போகிறவர்களுக்குக் கிரிஸ்டாவின் பழைய அடித்தளமே இன்றும் பொருந்தும். டிராவல்ஸ் நடத்துவோர் பலர் டீசல் கிரிஸ்டாவை விடாமலிருப்பதற்குக் காரணம் உண்டு. 2023இல் அது டீசல் எஞ்சினுடனும் மேனுவல் கியருடனும் மட்டுமாக மீண்டும் விற்பனைக்கு வந்ததும் அவர்களை மனத்தில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2025இல் இந்திய அரசின் திட்டமான பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஹைகிராஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முன்செல்லும் வண்டியோடு இடைவெளியைத் தானே காத்துக்கொள்வது, மோதல் நெருங்கும்போது பிரேக் பிடிப்பது போன்ற ரேடார் உதவிகளை உச்சவகையான இசட்எக்ஸ் ஆப்ஷனலில் மட்டும் வைத்திருக்கிறார்கள். இரவில் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரும் குறுக்கே பாயும் மாடும் எல்லா வகை வண்டிக்கும் முன்னால்தான் வருகின்றன. சன்ரூஃபைக் கழித்துவிட்டு அந்த உதவிகளை நடுத்தர வகைக்கும் கொடுத்திருக்கலாம்.

விலைக்கு வருவோம். அறிமுகமானபோது ஷோரூம் விலை 18.30 லட்சத்தில் தொடங்கியது. அது ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் வகை. ஹைபிரிட்டுக்குப் பல லட்சம் கூடுதல். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத குடும்பம் எரிபொருள் மிச்சத்தால் அந்த வித்தியாசத்தை மீட்க நெடுங்காலமாகும். அவர்களுக்குத் தாழ்ந்த தரையும் விரிந்த உள்ளிடமும் பெட்ரோல் வகையிலேயே கிடைத்துவிடுகின்றன. எங்களைப்போல் மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருக்கிறது.

இன்று மறுபடி வாங்குவதாயிருந்தால், ஹைபிரிட்டையே எடுப்பேன்; ஆனால் இசட்எக்ஸை விட்டுவிட்டு, நடுவரிசையில் நீள இருக்கை உள்ள, அதற்குக் கீழ்வகையான 8 இருக்கை விஎக்ஸை எடுப்பேன். ஒட்டோமானை இழப்பதில் அம்மாவுக்கு வருத்தம் இருக்கும். ஆயினும் எங்கள் பயணங்களில் பாதிக்கு மேல் ஏழு பேர் போகும் பயணங்கள். இரவில் திரும்பும்போது இரண்டு பிள்ளைகளும் பாட்டியின் மடியில் தலைவைத்துப் படுத்துவர, நடுவில் இடைவெளி இல்லாத அந்த இருக்கைதான் வேண்டும்.