குளியலறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

சின்னத் தீவு, கடலை ஒட்டி ஆறு ஓலைக் குடில்கள், சூரிய மின்சாரம், மழைநீர். இயற்கையைக் கெடுக்காமல் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் 'ஈகோ லாட்ஜ்' ஒன்றின் விளம்பரத்தில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். ஏசி இருக்காது, வெந்நீர் வராது, ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கு எரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதித்துத்தான் நானும் கணவரும் ஒன்பது வயது மகனும் ஐந்து ராத்திரிக்குக் கிளம்பினோம். வசதி போதவில்லை என்று புலம்ப வரவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லி எங்களை அந்த அசௌகரியத்துக்குச் சம்மதிக்க வைத்தார்களோ, அந்தக் காரணமே அங்கே பொய்யாக இருந்தது.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் குடிலுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் சோலார் பேனல்கள் இருக்கின்றனவே என்று கேட்டோம். பேட்டரி பழுது, புதிது வந்துகொண்டிருக்கிறது என்றார் மேலாளர். காலையில் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பேனலிலிருந்து இறங்கிய வயரின் முனையில் டேப் சுற்றி, சும்மா தொங்கவிட்டிருந்தார்கள். பரிமாற வந்த பையனோ, தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே பேட்டரியைப் பார்த்ததே இல்லை என்றான்.

மூன்றாம் நாள் குளிக்கும் தண்ணீர் உப்புக் கரித்தது. மழைநீர்த் தொட்டி எப்போதோ விரிசல் விட்டுக் காலியாகக் கிடந்தது, கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னத் தீவில் இது சாதாரண விஷயமில்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், கனம் குறைவு என்பதால் அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதாவது மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு ஏறக்குறைய 40 அடி ஏறிவரும். தீவில் குடியிருப்பவர்களுக்கும் அதே நிலத்தடி நீர்தான். நாங்கள் நான்கு நாள் குளித்துவிட்டுப் போய்விடுவோம், அவர்கள் எங்கே போவார்கள்?

சரி, இதையும் பொறுத்துக்கொண்டோம். நான்காம் நாள் விடியற்காலையில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. மகன் சிப்பி பொறுக்க ஓடினான். கொஞ்ச நேரத்தில் "அம்மா, இங்க ஒரு குழாய் இருக்கு" என்று கூப்பிட்டான். மணலிலிருந்து முழ நீளத்துக்குக் கறுப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வாயைச் சுற்றி வழவழவென்று பச்சைப் பாசி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் குடிலில் யாரோ கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். குழாய் ஒருமுறை கொப்பளித்தது. நாற்றத்திலேயே என்னவென்று தெரிந்துவிட்டது. செப்டிக் டேங்க் இல்லை, உறிஞ்சுகுழி இல்லை, நேராகக் கடலுக்கு. முந்தைய மூன்று நாளும் என் பிள்ளை குளித்தது அந்த இடத்தில்தான். பவளப்பாறையைப் பார்க்க எங்களை முகமூடி மாட்டி இறக்கியதும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான். பவளம் சத்துக் குறைந்த தெளிந்த நீரில் வளர்வது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைக் கொழுக்க வைக்கும், பாசி பவளத்தை மூடிவிடும்.

அறைக்குள் ஒரு மர அட்டை தொங்கியது: 'கடலைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்.' பசுமை வேஷத்துக்கு 'கிரீன்வாஷிங்' என்ற பெயரே 1986இல் இது போன்ற ஹோட்டல் துண்டு அட்டைகளை வைத்துத்தான் வந்தது என்று ஊருக்குத் திரும்பியபின் படித்தேன். துண்டைத் துவைக்காமல் மிச்சப்படுத்தியது அவர்களுடைய செலவை.

மேலாளரிடம் குழாயைப் பற்றிக் கேட்டபோது, தீவில் எல்லாரும் அப்படித்தான் என்றார். உடனே கிளம்புகிறோம் என்றோம். படகு அவர்களுடையது, மறுநாள் மதியம்தான் வரும். மீதி ராத்திரிக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், முன்கூட்டிக் கிளம்பினால் ரீஃபண்ட் கிடையாது என்று நிபந்தனையைக் காட்டினார். இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்திருக்கிறோம். புக்கிங் தளத்தில் அறையைப் பிடித்தபிறகு, நேராக வங்கிக் கணக்கில் போட்டால் தள்ளுபடி என்று தகவல் வந்தது, நம்பி அதை ரத்து செய்துவிட்டு அனுப்பினோம். தளம் வழியாகக் கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தளத்திடம் புகார் செய்திருக்கலாம், வங்கி மூலம் கட்டணத்தை எதிர்த்து முறையிட்டிருக்கலாம். கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

விளம்பரத்தில் பச்சை இலைச் சின்னம் ஒன்றும் இருந்தது. யார் கொடுத்த சான்றிதழ் என்று எங்குமே போடவில்லை. உண்மையான சான்று என்றால் கொடுத்த அமைப்பின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும், அந்த அமைப்பின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். அப்புறம், மூன்றே மூன்று கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறைக் கழிவு எங்கே போகிறது, குப்பையைத் தீவைவிட்டு யார் எடுத்துப் போகிறார்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், படம்கூட அனுப்புவார்கள். அந்த வேலைக்கு நிறையச் செலவு செய்திருப்பார்கள், சொல்லிக்கொள்ள ஆசை இருக்கும்.

நான் இதுவரை அந்த லாட்ஜுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. குழாயின் படத்தையும் தொங்கும் வயரின் படத்தையும் சேர்த்து ரிவ்யூ போட்டிருக்கிறேன். விளம்பரத்தில் இன்னமும் அதே சோலார் பேனல் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.