தெருவுக்கும் கால் மைலுக்கும் ஒரே ஸ்பிரிங்: ஃபாக்ஸ்பாடி மஸ்டாங் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கை (ஃபாக்ஸ்பாடி என்பார்கள்) பெரும்பாலும் ரோட்டிலும், அவ்வப்போது கால் மைல் நேர்ப் பந்தயத் தடமான டிராக் ஸ்ட்ரிப்பிலும் ஓட்டுபவரா நீங்கள்? முன்னால் ஃபேக்டரியைவிட ஒரு படி மிருதுவான, சற்று நீளமான காயில் (சுருள் ஸ்பிரிங்). பின்னால் ஃபேக்டரி அளவே. வலது பின் காயிலுக்குள் ஒரு காற்றுப் பை. வண்டியைத் தாழ்த்த வேண்டாம். 2019-இல் இப்படி மாட்டியதுதான் இன்னும் என் வண்டியில் இருக்கிறது.

என் வண்டி 1989 எல்எக்ஸ் 5.0 (ஐந்து லிட்டர் வி8 இன்ஜின் மாடல்), டெட்ராய்ட் அருகே டியர்பார்னில் செய்தது. நான் இருப்பதும் அங்கிருந்து அதிக தூரமில்லை. டெட்ராய்ட் பக்கம் தமிழர் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் கூடினால் அதில் இரண்டு பேருக்குக் கார் கம்பெனி வேலை. ஆக, ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

என் கைக்கு வரும்போது அதில் தாழ்த்தும் ஸ்பிரிங் இருந்தது. பழைய ஓனருக்கு அந்த இறக்கமும் போதவில்லைபோல, முன்னால் ஒரு சுற்றை வெட்டியும் விட்டிருந்தார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஐ-94 சாலையில் கான்கிரீட் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது முட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் டப் டப் என்று அடிக்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் கெட்டுப்போனதால் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். மிலன் டிராக்வே என்ற டிராக் ஸ்ட்ரிப்பில் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கம் எழும்பவே இல்லை, பின் டயர் சுற்றிக்கொண்டே நின்றது. பாடி தாழ்ந்தால் பின் அச்சைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் முன்முனையும் சேர்ந்து இறங்கிவிடும். கிளம்பும்போது டயரைத் தரையில் அழுத்த வேண்டிய விசையில் ஒரு பங்கு அதனாலேயே போய்விடுகிறது.

இங்கே ஒரு நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். மிருதுவான முன் ஸ்பிரிங் போட்டால் பின்னால் அதிக எடை போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது வண்டியின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ், இவை நான்கும்தான். 3300 பவுண்டு வண்டி, 100.5 அங்குல வீல்பேஸ், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 20 அங்குலம் என்று வையுங்கள். 0.7 ஜி முடுக்கத்தில் (ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு) கிளம்பினால் பின்னால் போவது சுமார் 460 பவுண்டு. எந்த ஸ்பிரிங் போட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். அந்த எடை எவ்வளவு வேகத்தில் போகிறது, மூக்கு எவ்வளவு தூக்குகிறது, போன எடை அங்கேயே தங்குகிறதா இல்லை துள்ளித் திரும்புகிறதா என்பதில்தான் ஸ்பிரிங்குக்கும் துள்ளலை அடக்கும் ஷாக்குக்கும் வேலை. அதிலும் பாதிக்கு மேல் ஷாக்கின் வேலை. தேய்ந்த ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் மட்டும் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அடுத்தது ஸ்பிரிங் நம்பர் குழப்பம். காயிலை ஒரு அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்பதுதான் அந்த நம்பர். ஜிடி மாடலுக்கும் 5.0 எல்எக்ஸுக்கும் ஃபேக்டரி முன் காயில் அங்குலத்துக்கு 425-இல் தொடங்கி 530 பவுண்டு வரை ஏறும்; பின் காயில் 200-இலிருந்து 300. கடையில் கேட்டால் 600 என்பார்கள், காயில்ஓவர்காரர்கள் (முன் ஷாக்கான ஸ்ட்ரட்டைச் சுற்றியே ஏறும் ஸ்பிரிங் போடுபவர்கள்) 150 போதும் என்பார்கள். ரெண்டுமே சரியாக இருக்கலாம். ஃபாக்ஸ்பாடியில் முன் காயில் ஸ்ட்ரட்டைச் சுற்றி இல்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கும் அடிச்சட்டத்தின் குறுக்குத் துண்டான கிராஸ்மெம்பருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாக்குவெட்டியில் பாக்கை அச்சுக்குப் பக்கமாக வைப்பதுபோலத்தான். சக்கரம் இரண்டு அங்குலம் ஏறினால் காயில் ஏறத்தாழ ஒரு அங்குலம்தான் அமுங்கும். இந்தப் பாதிக் கணக்கு இரண்டு முறை பெருகுவதால், 450 பவுண்டு காயில் சக்கரத்தில் காட்டுவது 110-ஐ ஒட்டித்தான். ஸ்ட்ரட்டின் மேலேயே ஏறும் காயில்ஓவருக்கு இந்த இழப்பு மிகக் குறைவு, அதனால் அங்கே 150 என்பதே ஃபேக்டரியைவிடக் கெட்டி. யாராவது வெறும் நம்பரைச் சொன்னால், அது எந்த இடத்து ஸ்பிரிங் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

காயில்ஓவரை நான் தவிர்த்ததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. பாரம் முழுக்க, ஸ்ட்ரட்டின் மேல்முனை பாடியில் சேரும் ஸ்ட்ரட் டவருக்குப் போகும். அதைத் தாங்கும் பேரிங் வைத்த மேல் பிளேட் வேண்டும். மிச்சிகன் குளிரில் ரோட்டில் கொட்டும் உப்பு ஒன்றிரண்டு சீசனிலேயே உயரத்தைச் சரிசெய்யும் அதன் திருகு மரையைக் கவ்விக்கொள்ளும். ட்ரெய்லரில் ஏற்றி ஸ்ட்ரிப்புக்கு மட்டும் போகிற வண்டி என்றால் அதைத்தான் போடுவேன்.

ஐபாக், எச் அண்ட் ஆர் கம்பெனிகளின் தாழ்த்தும் செட்டுகள் தரமானவை, வளைவில் வண்டி அருமையாக நிற்கும். கால் மைல்தான் ஆசை என்றால் அவை நமக்கானவை அல்ல. நான் எடுத்தது பழைய சிக்கன வழி: நாலு சிலிண்டர் மஸ்டாங்குக்கான முன் காயில். வி8-ஐவிட மிருது, நீளமும் அதிகம். கனமான இன்ஜின் அதன்மேல் உட்காரும்போது ஆழமாக அமுங்கும். கிளட்சை விட்டதும் அந்த அமுக்கம் விரிந்து மூக்கைத் தூக்கிவிடும். உயரம் அதிகமாகத் தெரிந்தால் கொஞ்சம் வெட்டலாம். ஆனால் எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சமுள்ளது ஏழில் ஒரு பங்கு கெட்டியாகும் என்பதை மறக்க வேண்டாம். கேஸ் டார்ச்சில் வெட்டுவது கூடவே கூடாது, சூட்டில் எஃகின் பதம் போய்விடும். கட்டிங் வீல்தான்.

மாட்டும் வேலையில் பின்பக்கம் சுலபம், முன்பக்கம் ஆபத்து. அமுங்கியிருக்கும் முன் காயில் தவறி வெளியே பாய்ந்தால் ஆளையே காலி பண்ணிவிடும். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, காயிலைச் சங்கிலியால் கிராஸ்மெம்பரோடு கட்டி, அப்புறம்தான் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றினேன். ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்க, கடைசியில் கிறீச் என்று ஒரு சத்தத்தோடு காயில் தளர்ந்தது. மேலிருந்த ரப்பர் இன்சுலேட்டர் கையில் தூளாக உதிர்ந்தது. அதைப் புதிதாக வாங்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். புதுக் காயிலின் கீழ்முனை ஆர்மில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

காற்றுப் பை பற்றி: கிளம்பும் வேகத்தில் பாடி முறுக்கிக்கொள்ளும், இடது முன்பக்கம் எழும்பி வலது பின்பக்கம் அமுங்கும். பையில் காற்றடித்தால் அந்த மூலை தாங்கிக்கொள்கிறது, வண்டி நேராகப் போகிறது. ரோட்டில் 5 பிஎஸ்ஐ, ஸ்ட்ரிப்பில் 12 முதல் 15 வரை வைக்கிறேன்.

பலன் என்ன? முதல் 60 அடி நேரம் 2.1 விநாடியிலிருந்து 1.8-க்கு வந்தது. இதில் டிராக் ரேடியல் எனப்படும், தரையை நன்றாகப் பிடிக்கும் டயருக்கும் நல்ல பங்கு உண்டு, எல்லாப் புகழையும் ஸ்பிரிங்குக்கே கொடுக்க முடியாது. பத்து நிலைகளில் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டை மிருதுவாகத் திருப்பி, வளைவில் சாய்வைக் குறைக்கும் முன் ஆன்டி-ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டால்தான் அந்த 1.8 வரும். வீடு திரும்பும்போது இரண்டையும் பழையபடி மாட்டிவிட வேண்டும். பார் இல்லாமல் ஹைவேயில் லேன் மாறினால் வண்டி படகு மாதிரி அசைகிறது.

முதல் சில மாதங்களில் முன்பக்கம் கால் அங்குலம் இறங்கியது, அதன்பின் அசையவில்லை. அதனால் சக்கர அலைன்மெண்ட்டைக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுச் செய்வது நல்லது. கீழ்ச்சுற்றில் பெயின்ட் உரிந்து லேசாகத் துரு பிடித்திருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் அழுத்தத் தண்ணீரில் கழுவுகிறேன். வளைவில் முன்பைவிடச் சாய்கிறது, பிரேக் அடித்தால் மூக்கு குனிகிறது, இது தெரிந்தே கொடுத்த விலை. ஆகஸ்டில் வுட்வார்ட் அவென்யூ ஊர்வலத்தில் ஊர்ந்துகொண்டே போனாலும் இப்போது முதுகு வலிப்பதில்லை.

பின் டயர் நன்றாகப் பிடிக்க ஆரம்பித்ததும் வேறொரு செலவு வந்தது. பின் கண்ட்ரோல் ஆர்ம் பாடியில் சேரும் டார்க் பாக்ஸ் இந்த வண்டிகளில் பலவீனமான இடம். வெல்டிங் விரிசல் விடும். என் வண்டியிலும் ஒரு பக்கம் மயிரிழை விரிசல் தெரிந்ததும் தகடு வைத்துப் பலப்படுத்திவிட்டேன். ஸ்பிரிங் வாங்கும்போதே அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். இன்ஜினுக்கு அலுமினிய ஹெட் மாட்டும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு முன் காயிலை வாங்குங்கள். இரும்பு ஹெட் போனால் 40, 50 பவுண்டு குறையும், மூக்கு உயரம் மறுபடி மாறிவிடும்.