பத்து சென்ட் பத்திரமும் என் லேப்டாப் பேட்டரியும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எனக்குப் பிழைப்பு, பழைய மலையாளப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரை இந்தப் பகுதி மலையாள ஆட்சிமொழியின் கீழ் இருந்ததால், இங்குள்ள மூலப் பத்திரங்கள் பலவும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. 2020இல் வாங்கிய லேப்டாப் ஒன்று நாள் முழுவதும் மின்சாரத்தில் சொருகியபடியே மேசையில் கிடக்கும். 2023 ஜூன் மாத மழைநாள் ஒன்றில் மின்சாரம் போனது. பேட்டரி 34 சதவீதம் என்று காட்டியது. 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது' என்று நினைத்து எல்லை விவரப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, திரை பொட்டென்று அணைந்தது. நான்கு எல்லைகளில் மூன்று போயின. அட்வான்ஸ் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேட்டரியை 'கேலிப்ரேஷன்' செய்து, அதாவது முழுக்க ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி அதன் சதவீதக் கணக்கைச் சரிசெய்து பார்த்த அனுபவம் இது. முதலில் நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்தேன்: முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றினால் பேட்டரிக்கு மறுபடி உயிர் வந்துவிடும் என்று. வராது. ஒரு துளிகூட வராது.

என் தொழிலிலிருந்தே சொன்னால்தான் எனக்குப் புரிகிறது. குழித்துறை ஆற்றங்கரையில் ஒரு பூமி. பத்திரத்தில் பத்து சென்ட். ஆறு கரையை அரித்துக்கொண்டே போனதில் இன்று சங்கிலி பிடித்து அளந்தால் எட்டரைதான் தேறும். சர்வேயர் வந்து அளப்பதால் ஆறு கொண்டுபோன ஒன்றரை சென்ட் திரும்பி வராது. காகிதம் சரியாகும், அவ்வளவுதான். கேலிப்ரேஷன் என்பது அந்த மறு அளவை.

பேட்டரிக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து 'இவ்வளவு மிச்சம்' என்று கணக்கு எழுதுவது அதன் வேலை. லித்தியம் அயான் செல்லில், முழுதாக ஏறும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட், இறங்கித் தீரும்போது 3 வோல்ட் அளவு என்று இரு முனைகளும் தெளிவாகத் தெரியும். நடுப்பகுதியில் மின்னழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நடுவில் சில்லு தன் கணக்கை நம்பித்தான் ஓட வேண்டும். சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். என் லேப்டாப் போல, முனைகளைத் தொடாமல் மாதக்கணக்கில் சொருகியே கிடந்தால், எல்லைக்கல்லைப் பார்க்காமலே வரைந்த வரைபடம் போல ஆகிவிடுகிறது கணக்கு.

அதைச் சோதிக்க எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்தால் (powercfg /batteryreport) ஓர் அறிக்கை உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அதே திரை சொல்லும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் பிடிக்கும் கொள்ளளவு. என்னுடையதில் முதல் எண் 45,000 மில்லிவாட் மணி. இரண்டாவது 39,800 என்று இருந்தது. பார்த்தால் நல்ல ஆரோக்கியம். ஆனால் 34 சதவீதத்தில் செத்த பேட்டரி அது. பத்திரம் பத்து சென்ட் என்கிறது, நிலம் இல்லை.

முதல் முறை செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சீக்கிரம் இறங்கட்டும் என்று வீடியோவை ஓடவிட்டு, கட்டிலில் மெத்தைமேல் வைத்துவிட்டுப் போனேன். அடியில் காற்றுவழி அடைத்துக்கொண்டது. அம்மா வந்து தொட்டுப் பார்த்து, "மக்களே, இதில் தோசை சுடலாம்" என்றார். நிறுத்திவிட்டேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. அளக்கப் போய் நிலத்தை இன்னும் கொஞ்சம் ஆற்றுக்குக் கொடுத்ததுபோல ஆயிற்று.

இரண்டாவது முயற்சியில், 80 சதவீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததை மறந்து, 100 வரும் வரும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அது வருமா?

மூன்றாவது முறைதான் ஒழுங்காக நடந்தது. அந்த வசதியை நிறுத்தி, 100 வரை ஏற்றினேன். ஏறியதும் உடனே கழற்றாமல், சொருகியபடியே இரண்டு மணி நேரம் விட்டேன். சூடு ஆற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது செல்லின் மின்னழுத்தம் தாழ்ந்தும், ஏறிக்கொண்டிருக்கும்போது உயர்ந்தும் காட்டும். குளத்தில் ஆட்கள் இறங்கிக் குளிக்கும்போது நீர்மட்டம் பார்க்க முடியாதல்லவா, அதே கதை. பிறகு வயரைக் கழற்றி, ஸ்லீப் ஆவதையும் திரை அணைவதையும் நிறுத்திவைத்தேன். திறந்திருந்த கோப்புகளையெல்லாம் சேமித்து மூடினேன். நான் இழந்த மூன்று எல்லைகள் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஸ்கேன் செய்த பழைய பத்திரம் ஒன்றை மட்டும் திரையில் விட்டு, மர மேசையில், மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டேன். எளிய வேலையில் மெல்ல இறங்குவதே நல்லது.

5 சதவீதத்தில் தானாக ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணையும்படி) விண்டோஸில் இருக்கும் அமைப்பை நான் மாற்றவில்லை. அதையும் பூஜ்யத்துக்குத் தள்ளி, அணைந்த பிறகும் பவர் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழியச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லித்தியம் செல் அடிமட்டத்துக்கும் கீழே போனால் கெடுகிறது. அன்று கணினி 30 சதவீதத்தின் அருகே அணைந்தது. நான்கு மணி நேரம் அப்படியே விட்டேன். பின்பு, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றினேன்.

அறிக்கையை மறுபடி எடுத்தேன். 39,800 இருந்த இடத்தில் 27,600.

பேட்டரியைக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. கெடவில்லை. மூன்றாண்டுகள் வெயிலிலும், மின்சாரத்தில் சொருகியபடியும் கிடந்து ஏற்கெனவே கெட்டிருந்ததை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறது. மறுநாள் 34 சதவீதத்தில் வேண்டுமென்றே வேலை செய்து பார்த்தேன். அணையவில்லை. 10இல் எச்சரிக்கை வந்தது, 5இல் தானாக உறங்கியது. ஓடிய நேரம் கூடவில்லை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் காட்டும் எண்ணை நம்ப முடிந்தது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. இடைவிடாமல் ஏற்றுவதுதான் இங்கே கஷ்டம். ஒருமுறை 61 சதவீதத்தில் மின்சாரம் போய் முழுப் பாடும் வீணாயிற்று. அதன்பின் துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மின்தடை என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும் நாளையே கேலிப்ரேஷன் நாளாக வைத்துக்கொண்டேன். முந்தின இரவே ஏற்றி முடித்துவிடுவேன். காலையில் மின்சாரம் போகும்போது எப்படியும் பேட்டரியில்தானே ஓட வேண்டும்? மதியத்துக்குள் இறங்கித் தீர்ந்துவிடும். மின்சாரம் வரும் வரை ஓய்வு. வந்த பிறகு ஏற்றம். பராமரிப்பு முடிந்த மாலையில் மறுபடி மின்சாரம் போவது குறைவு என்பது என் அனுபவம். ஐப்பசியில் மட்டும் இதைச் செய்வதில்லை. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இடி முழங்கினால் வயரைக் கழற்றியாக வேண்டும், ஏற்றம் பாதியில் நிற்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடைக்காரர், "மாதம் தவறாமல் இறக்கிவிடுங்கள் அண்ணே, மெமரி வராது" என்றார். பாதியில் ஏற்றினால் பேட்டரி அந்த அளவையே பழக்கமாக்கிக்கொள்ளும் என்ற அந்த மெமரிக் கதை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுடையது, லித்தியத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முழு இறக்கமும் பேட்டரியின் ஆயுளில் ஓர் ஏற்ற-இறக்கச் சுற்றைத் தின்றுவிடுகிறது. நான் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சதவீதம் திடீரென்று குதித்தால் மட்டும் செய்தேன். அடுத்த அளவைகளில் 27,100, பிறகு 26,400. சித்தப்பா மகளிடம் மேக்புக் இருக்கிறது. அதற்கு இந்தப் பாடு தேவையில்லை, ஆப்பிளே அப்படித்தான் சொல்கிறது.

2024 ஆகஸ்டில் அடுத்த முறைக்கு ஆயத்தமானபோது டச்பேட் அமுங்கவில்லை. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். மூடி வைத்தால் லேப்டாப் மேசையில் சமமாக உட்காரவில்லை, ஒரு மூலை ஆடியது. அடியில் பேட்டரி உப்பியிருந்தது. இந்த நிலையில் கேலிப்ரேஷன் கிடையாது, ஏற்றவும் கூடாது. அமுக்கிப் பார்க்கக் கூடாது, ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது, தீப்பிடிக்கும். அணைத்து, காகிதக் கட்டுகளிலிருந்து தள்ளி வராந்தாவில் சிமெண்ட் தரைமேல் வைத்தேன். மறுநாள் கடையில் கழற்றிக் கொடுத்தேன். குப்பையில் போடவில்லை, பேட்டரிக் கழிவுக்கென்று 2022இல் தனி விதிகளே வந்திருக்கின்றன.

புதிதாகப் போட்டது கம்பெனிப் பேட்டரி அல்ல, அதே அளவில் வேறொன்று. அறிக்கையில் இரண்டு எண்களும் துல்லியமாக 45,000. இவ்வளவு சுத்தமான பத்திரத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டாம் வாரம் 30 சதவீதத்திலிருந்து 12க்கு ஒரே தாவலாகத் தாவியது. ஒருமுறை கேலிப்ரேஷன் செய்தேன்: 42,300. தாவல் நின்றது.

இப்போது மேசையில் இருக்கும்போது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை இயக்கியே வைத்திருக்கிறேன். பேட்டரியின் ஆயுளுக்கு உண்மையில் ஏதாவது செய்வது அதுதான், கேலிப்ரேஷன் அல்ல. வரும் வியாழக்கிழமை தக்கலைப் பக்கம் மின்தடை என்று இன்றைய பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். நேற்று எடுத்த அறிக்கையில் 41,700, சதவீதமும் தாவவில்லை. ஆகவே வியாழக்கிழமை அளவை கிடையாது. அன்று கையில் இருப்பது, எல்லை விவரம் மட்டும் இரண்டு பக்கம் நீளும் ஒரு பாகப்பத்திரம்.