கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கலாமா? ஏழெட்டு வருஷம் புழங்கிய பிறகு சொல்கிறேன்

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை தடவை கேக்கோ பிஸ்கட்டோ சிக்கனோ ஓவனில் சுடுவீர்கள்? வாங்கின பிறகு சுடலாம் என்ற ஆசையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்போதே ஓடிஜியிலோ (கம்பிச் சூட்டில் சுடும் சின்ன மின் ஓவன்), குக்கரில் மணல் கொட்டியோ யாராவது கேக் செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாதம் இரண்டு தடவையாவது சுடுகிற வீடு என்றால் தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும் சோலோவே (நுண்ணலை மட்டும் உள்ள சாதாரண மைக்ரோவேவ்) போதும்.

எங்கள் வீடு திருச்சியில். அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள். 28 லிட்டர் கன்வெக்‌ஷன் ஒன்று ஏழெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது நன்றாகச் செய்வது எது, செய்யவே செய்யாதது எது என்பது இவ்வளவு நாளில் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். சோலோவில் நுண்ணலை மட்டும். கிரில் வகையில் அதோடு மேலே ஒரு சூட்டுக் கம்பி இருக்கும். கன்வெக்‌ஷனில் இவை இரண்டோடு, ஹீட்டரும் காற்றாடியும் சேர்ந்து சூடான காற்றை உள்ளே சுற்றவிடும். இந்த மூன்றாவது ஏன் தேவை என்றால், நுண்ணலை 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முக்கியமாக உணவில் உள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அதனால் வேகும், ஆனால் சிவக்காது. கேக்கின் மேல்தோல், சிக்கனின் முறுகல், பிஸ்கட்டின் மொறுமொறுப்பு எல்லாம் 170, 180 டிகிரியை ஒட்டிய உலர்ந்த சூடு பட்டால்தான் வரும். அதைத் தருவது அந்தச் சூடான காற்று.

நுண்ணலை, சூடான காற்று இரண்டையும் மாறி மாறியோ சேர்த்தோ ஓட்டுவதுதான் காம்பி மோட். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் யாரும் தொடாத பட்டனும் அதுதான். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சிக்கனை வைத்துச் சொல்கிறேன். தொடைத் துண்டுகளை எலும்பு வரைக்கும் கீறி, தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை போட்டு முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் உயரமான ரேக்கில் அடுக்கி, சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு கண்ணாடித் தட்டு. ரேக்கைப் பொறுத்தவரை மெஷினோடு கொடுத்ததை மட்டும்தான் காம்பியில் வைப்பது. பத்து நிமிடத்தில் தயிர் வற்றித் தோல் இறுக ஆரம்பிக்கும். பாதி நேரத்தில் திருப்பிப் போட்டுக் கொஞ்சம் எண்ணெய் தடவினால், கடைசி ஐந்து நிமிடத்தில் ஓரங்கள் கருக்கத் தொடங்கும். மூட்டுப் பக்கம் கத்தியால் குத்திப் பார்த்தால் சிவப்பு இல்லாமல் தெளிந்த சாறு வர வேண்டும். ஓடிஜியில் முக்கால் மணி நேரம் ஆகிற வேலை இதில் அரை மணிக்குள் முடிகிறது. நுண்ணலை உள்ளே வேகவைக்க, காற்று வெளியே சிவக்கவைக்க, துண்டு வறண்டுபோகாமல் வருகிறது. அசைவம் சமைக்கிற, ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் இது ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

கேக்குக்கு இவ்வளவு பாராட்டு தர முடியாது. நன்றாகவே உப்பும், மேலே அழகாகச் சிவக்கும். ஆனால் அடிப்பக்கம் வெளுத்தே இருக்கும். பெரும்பாலான மாடல்களில் சூடு பின்பக்கத்திலிருந்தோ மேலிருந்தோதான் வருகிறது. ஓடிஜியில் இருப்பதுபோல் கீழே கம்பி கிடையாது. கண்ணாடித் தட்டின் மேலேயே டின்னை வைக்காமல் குட்டை ரேக்கில் வைத்து, அடர்நிற அலுமினியம் டின்னில் ஊற்றி, ரெசிபியில் சொன்னதைவிட ஐந்து நிமிடம் கூட விட்டால் சமாளிக்கலாம். பிரெட், பீட்ஸா இரண்டுக்கும் அடிச்சூடுதான் உயிர். பிரெட் சுடுவதில் தீவிர ஆசை உள்ளவர்கள் இதை வாங்கி மனம் நொந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓடிஜிதான் சரி. இன்னொன்று, தட்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் வட்ட டின்தான் வசதி. சதுர டின்னின் மூலை சுவரில் இடித்தால் தட்டு நின்றுவிடும், ஒரு பக்கம் தீயும், ஒரு பக்கம் வேகாது.

கடைக்காரர் சொல்லாத சங்கடம் ஒன்று இருக்கிறது. சுட்டு முடித்ததும் உள்சுவர், தட்டு, கதவு எல்லாம் கொதிக்கும். அரை மணி நேரத்துக்கு நுண்ணலையில் பிளாஸ்டிக் டப்பா எதையும் வைக்க முடியாது. மைக்ரோவேவ் சேஃப் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். நாலரை மணிக்குப் பிஸ்கட் சுடுகிறேன் என்றால், ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பால் அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு வேலை என்று வாங்குகிறோம். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது.

பாத்திர விஷயத்தையும் முதலிலேயே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. நுண்ணலையில் எவர்சில்வர் கூடாது, ஜரிகை போட்ட பீங்கான் கூடாது. கன்வெக்‌ஷனில் எவர்சில்வரும் அலுமினியமும் தாராளமாக வைக்கலாம், பிளாஸ்டிக் கூடவே கூடாது. இரண்டுக்கும் பொதுவாகக் கைகொடுப்பது சூடு தாங்கும் கண்ணாடி. நம் வீடுகளில் இருப்பதெல்லாம் எவர்சில்வர். அதனால் நாலைந்து போரோசில் கிண்ணங்களுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அத்தைக்காகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன், இன்னும் இருக்கிறது.

அத்தைக்கு முதலில் வேறு பயம். "ஏம்மா, கதிர் வெளிய வருமாமே, பசங்க பக்கத்துல நிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. சர்வதேசத் தர விதிப்படி, கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. தள்ளிப் போகப் போக அதுவும் வேகமாகக் குறைந்துவிடும். கதவைத் திறந்த நொடியில் அலை நின்றுவிடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவு வளைந்திருந்தாலோ கொக்கி உடைந்திருந்தாலோ மட்டும் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. இதைப் பொறுமையாகச் சொன்ன பிறகு, இப்போது அதை அதிகம் பயன்படுத்துவது அவர்தான்.

அவர் செய்வதெல்லாம் சோலோவிலேயே நடக்கும் வேலை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் இல்லாமல் உளுந்து அப்பளம் ஒரு நிமிடத்துக்குள். நிலக்கடலை வறுப்பு. கறிவேப்பிலையைப் பச்சை நிறம் போகாமல் உலர்த்திப் பொடி செய்வது. பண்டிகைக்குத் திரட்டுப்பால்: ஒரு டின் மில்க்மெய்டில் ஒரு ஸ்பூன் தயிர், ஒரு ஸ்பூன் நெய் விட்டு, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கிளறினால் ஆறேழு நிமிடத்தில் மணல் மணலாகத் திரண்டு வரும். கிண்ணம் பெரிதாக இல்லாவிட்டால் பொங்கித் தட்டெல்லாம் வழியும், கவனம். பழைய சோற்றில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் புதிதாக வடித்தது போலவே இருக்கும். இட்லிக்கும் ஈரத்துணி போர்த்தி அரை நிமிடம்தான், அதற்கு மேல் விட்டால் கல்லாகிவிடும். சப்பாத்தியை இதில் சூடு பண்ணவே வேண்டாம். அரிசி வேக அடுப்பில் ஆகும் நேரம்தான் இதிலும் ஆகும். தாளிப்பு, தோசை பக்கமே போகாது. நூற்றுக்கும் மேல் ஆட்டோ குக் மெனு இருக்கிறது என்று சொல்லி விலையை ஏற்றினால் காதில் வாங்காதீர்கள்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். நுண்ணலையில் 1,300, 1,400 வாட் இழுத்து, 800, 900 வாட் உணவுக்குத் தருகிறது. இரண்டு நிமிடம் சூடு பண்ணினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. கன்வெக்‌ஷன் அப்படியில்லை. ஹீட்டர் 2,000 வாட்டை ஒட்டி இழுக்கும். பத்து நிமிடம் ப்ரீஹீட், நாற்பது நிமிடம் கேக் என்றால் ஏறத்தாழ ஒரு யூனிட். ஆகவே பில்லைவிட பிளக் பாயின்ட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சாதாரண 5 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் கன்வெர்ட்டர் போட்டு மாட்டவே கூடாது. கிரைண்டருக்கோ கீசருக்கோ போடும் 15 ஆம்ப்ஸ் பாயின்ட் தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வைக்கும் இடமும் அப்படித்தான். பின்னாலும் பக்கங்களிலும் நாலு விரற்கடைக்குக் குறையாமல், மேலே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் வைப்பது வழக்கமாகிவிட்டது. கன்வெக்‌ஷனுக்கு அது சரியே இல்லை. சூடும் எடையும் ஒரு பக்கம், கொதிக்கும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது அதைவிட ஆபத்து.

பழுது என்று பார்த்தால், எங்களுக்கு இரண்டு பெரிய செலவு வந்தது. முதலில் உள்ளே பொறி பறந்தது. வலதுபக்கச் சுவரில் அட்டை போல இருக்கும் மைகா ஷீட்டில் எண்ணெய் தெறித்துப் படிந்து கருகியிருந்தது. ஷீட்டின் விலை சொற்பம். ஆள் வந்து போன சார்ஜ்தான் அதிகம். அதிலிருந்து சிக்கன் செய்த அன்றே, ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து மூன்று நிமிடம் ஓட்டி, ஆவி படிந்ததும் துடைத்துவிடுகிறோம். அடுத்தது போர்டு. கரப்பான் உள்ளே புகுந்து கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. வாரன்டி முடிந்திருந்ததால் புது சோலோவின் விலையில் பாதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று, அதுவும் பார்ட் வர மூன்று வாரம். வாரன்டி என்று அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது பல சமயம் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகத்துக்கு மட்டும்தான், முழு மெஷினுக்குப் பெரும்பாலும் ஓராண்டு. எதுவாக இருந்தாலும் வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரையே பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

இப்போது ஏர் ஃப்ரையரும் போட்டிக்கு வந்துவிட்டது. பிலிப்ஸ் 2010இல் கொண்டுவந்த அந்தப் பெட்டியும் அடிப்படையில் சின்னக் கன்வெக்‌ஷன் ஓவன்தான். இடம் சின்னது, காற்று வேகம், அதனால் சீக்கிரம் சூடேறும். இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சோலோ, ஒரு ஏர் ஃப்ரையர் என்று வாங்கினால் கன்வெக்‌ஷன் விலைக்குள்ளேயே முடியும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையும் ஓடும். பேக்கிங் கற்றுக்கொண்டு விற்கவும் நினைக்கிற என் தங்கைக்கு சோலோவும் ஓடிஜியும்தான் வாங்கச் சொன்னேன். இடம் ஒரு பெட்டிக்குத்தான் உண்டு, ஆள் நாலு பேருக்கு மேல், அசைவமும் கேக்கும் அடிக்கடி என்றால் மட்டும் 28 லிட்டருக்குக் குறையாத கன்வெக்‌ஷன். அதற்குக் கீழே போனால் முழுக்கோழி வைக்க இடம் நெருக்கும்.

வாங்குவது என்று முடிவானால், அதிகபட்ச வெப்பநிலை 200 டிகிரிக்குக் குறையாமல் இருக்கிறதா, உட்புறம் எவர்சில்வரா அல்லது எனாமலா என்று பாருங்கள், பெயின்ட் அடித்தது வேண்டாம். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். கடைக்குப் போகும்போது இன்ச் டேப்போடு வீட்டிலிருக்கும் கேக் டின்னையும் எடுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து உள்ளே வைத்து, தட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.