மீனம்பாக்கத்தில் நான் ‘நோ ஷோ’ ஆன கதை

இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனதில் என்னை அசர வைத்தது தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையம். தத்கால், மொத்தம் 3,500 ரூபாய். டோக்கன் வாங்கி மூன்று கவுண்டர் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். நாலாம் நாள் ஸ்பீடு போஸ்ட்காரர் புதிய பாஸ்போர்ட்டோடு குரோம்பேட்டை வீட்டு வாசலில் நிற்கிறார். வினையும் அதே பாஸ்போர்ட்டில்தான் வந்தது.

லண்டன்வாசிகளுக்குத் தெரியும்: 2024 டிசம்பரோடு பிரிட்டன் குடியிருப்பு அனுமதி அட்டை போய் எல்லாம் இணையத்திலேயே இருக்கும் இ-விசா ஆகிவிட்டது. அது பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போட்ட சமாச்சாரம். பாஸ்போர்ட் மாறினால் இ-விசா இணையக் கணக்கில் நுழைந்து புது எண்ணை நாமே சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தேன். கணக்கிலும் புது எண்தான் இருந்தது.

அதிகாலை 4 மணிக்கு வளைகுடா வழி விமானம். கவுண்டரில் இருந்த பெண் தட்டினார், மறுபடி தட்டினார். “விசா காட்டலையே சார், கார்டு இருக்கா?” பழைய அட்டையை நீட்டினேன். “இது எக்ஸ்பயர் ஆயிடுச்சே.” விசாவை மற்றவருக்குக் காட்ட உதவும் ஷேர் கோடு எடுத்து, என் படமும் குடியிருப்பு அனுமதியும் தெரியும் பக்கத்தைக் காட்டினேன். “எங்க சிஸ்டம்ல வந்தாதான் சார்.” இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே விமான நிறுவனங்கள் 24 மணி நேரமும் கேட்டுக்கொள்ள பிரிட்டன் குடிவரவுத் துறை ஓர் உதவி மையம் வைத்திருக்கிறது, அங்கே ஒரு போன் போடுங்கள் என்றேன். சூப்பர்வைசர் வாக்கிடாக்கியோடு உள்ளே போனார். கவுண்டர் மூடிய பிறகுதான் திரும்பி வந்தார்.

அவர்கள் பயமும் புரிகிறது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் பிரிட்டன் தலைக்கு 2,000 பவுண்டு வரை அபராதம் போடுகிறது. அந்தப் பயத்தில் எல்லாம் சரியாக வைத்திருப்பவனையும் நிறுத்திவிட்டால் நட்டம் யார் தலையில்? இப்படி ஒரு வழக்கில் 2020-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சைப்ரஸின் லார்னகாவில், ருமேனியா போக வந்த பயணியை ஏற்ற மறுத்திருந்தார்கள். ஆவணம் போதாது என்று நிறுவனம் சொன்னதாலேயே அது போதாததாகிவிடாது, பயணி அதை எதிர்த்து வழக்காடலாம் என்றது நீதிமன்றம்.

சந்தோஷப்பட்டுவிட முடியாது. சென்னையில் ஏறுபவருக்கு ஏற்ற மறுத்தால் இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பிய, பிரிட்டன் விதிகள் பொருந்த, விமானம் அந்த ஊர் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், என்னுடையது வளைகுடா. நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ சொல்லும் 10,000, 20,000 ரூபாய் வரையிலான இழப்பீடு, இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால்தான். மிஞ்சுவது 2019 நுகர்வோர் சட்டம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். லண்டனில் குடியிருந்துகொண்டு எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், கணினியில் என்னை ‘நோ ஷோ’ என்று போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரமாக எதிரிலேயே நிற்கிறேன், வரவே இல்லையாம்! அந்த இரண்டு சொல் அப்படியே இருந்தால் வரியும் விமான நிலையக் கட்டணமும்தான் திரும்பி வரும், டிக்கெட் பணம் கோவிந்தா. “ஏற்ற மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுங்க, நான் வாங்காம போகமாட்டேன்” என்று டிராலி மேல் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி கழித்து அரைத்தாளில் கிறுக்கி, நேரம் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்கள்: ‘விசா சரிபார்க்க முடியவில்லை, ஏற்றவில்லை.’

காலையில் அந்தத் தாளையும் இ-விசாப் பக்கத்தையும் இணைத்து மெயில் போட்டேன். மறுநாள் மதியம் பதில்: கூடுதல் கட்டணம் இல்லை, அடுத்த நாள் விமானத்தில் இடம். டாக்ஸிக் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே கவுண்டர், அதே பெண். தட்டினார். “வந்துடுச்சு சார்.” இடையில் கிடைத்த இரண்டு நாளில் அம்மா பருப்புப் பொடியும் வடகமும் சேர்த்துத் திணித்ததில், 23 கிலோ பெட்டி 24.6 காட்டியது. என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டேக் ஒட்டிவிட்டார்.