மாணவர் நிதி திரட்டல்: உண்டியல், உணவுக் கடை, கலைநிகழ்ச்சி, கியூஆர் அட்டை – எது கைகொடுத்தது?

திருச்சியில் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பொறுப்பு வகித்த ஆண்டுகளில், மாணவர்களோடு சேர்ந்து மூன்று முறை நிதி திரட்டியிருக்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது முதல் முறை. அடுத்த ஆண்டில் ஓர் அரசுப் பள்ளியின் நூலகத்துக்காக இரண்டாம் முறை. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கியபோது மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழிகளில் முயன்றதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கையில், வந்த தொகையைவிடச் செலவு போக மிஞ்சிய தொகை, அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த வேகம், கொடுத்தவரின் மனநிலை, கணக்கின் தெளிவு ஆகிய நான்கையும் கொண்டுதான் எடைபோடுகிறேன்.

கஜா புயலின்போது எங்கள் முன் நின்ற முதல் கேள்வி, பொருளாகச் சேர்ப்பதா பணமாகச் சேர்ப்பதா என்பது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவர்கள் பலருடைய வீட்டுத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தன. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவிக்கத் தொடங்கினோம். இரண்டே நாளில் கல்லூரியின் ஒரு வகுப்பறை பழைய துணிகளால் நிறைந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரச் சாலைகளில் உடுத்த இயலாத பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை என் தலைமுறையினர் அறிவோம். அறிந்திருந்தும் அதே தவற்றைச் செய்தோம். மின்சாரம் இல்லாமல் கூரையும் போய் நின்ற குடும்பங்களுக்குத் தேவைப்பட்டவை தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிநீர், பால் பவுடர், மாதவிடாய் அணையாடை ஆகியவை. துணியைத் தரம் பிரிக்க மாணவர்கள் செலவிட்ட மூன்று நாள்களையும், அதை ஏற்றிச் சென்ற வண்டியின் வாடகையையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அங்குள்ளவர்களைத் தொலைபேசியில் கேட்டு, பணத்தைத் திரட்டித் திருச்சியிலேயே மொத்த விலைக்கு வாங்கிச் சென்ற இரண்டாவது வண்டிதான் உண்மையில் உதவியது. ஆகவே பொருளா பணமா என்றால், என்ன வேண்டும் என்று அங்கிருந்து பட்டியல் வந்தால் மட்டுமே பொருள். மற்ற நேரங்களில் பணம்தான்.

பணம் என்று முடிவு செய்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உண்டியல். அதற்கு முதலீடு கிடையாது, அன்றே தொடங்கலாம், பத்து ரூபாய் மட்டுமே தரக்கூடியவருக்கும் அதில் இடம் உண்டு. மூடி முத்திரையிட்ட உண்டியலை இருவராகவே எடுத்துச் செல்வது, துறைக்கு ஒருவர் சாட்சியாக இருக்க எல்லோர் முன்னிலையிலும் திறந்து எண்ணுவது, எண்ணிய தாளில் அங்கேயே கையெழுத்து வாங்குவது ஆகிய மூன்று ஒழுங்குகளையும் கடைப்பிடித்தால், வீண்பேச்சுக்கு இடமிருக்காது.

ஆனால் உண்டியலில் சேர்வது சிறு தொகை. அது போதவில்லை என்று வகுப்புவாரி வசூலுக்கு மாறியதுதான் என் நெஞ்சை இன்றும் உறுத்தும் பிழை. எந்த வகுப்பு எவ்வளவு கொடுத்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுதினோம்; போட்டியால் தொகை கூடியது. சில வகுப்புகள் தாமாகவே பெயர்ப் பட்டியலும் போட்டன. விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி வசூல் நடந்த இரு நாள்களும் வகுப்புக்கு வரவில்லை. காரணம் கேட்டபோது, பட்டியலில் தன் பெயருக்கு எதிரே எதுவும் இல்லாமல் இருப்பதைப் பார்க்க முடியவில்லை என்றார். மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவதில் நியாயம் உண்டு, ஏனெனில் அது திரும்பச் செய்ய வேண்டிய கடன். துயர் துடைக்கும் நிதியை அந்த முறையில் எழுதியதால், கொடுக்க இயலாதவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்திவிட்டோம். பட்டியலை அன்றே கழற்றினோம். அதன் பிறகு எந்த வசூலிலும் தனியாள் பெயரோ வகுப்பின் பெயரோ எழுதப்படவில்லை.

நூலக நிதிக்கு அவசரம் இல்லாததால், உணவுக் கடைகளையும் கலைநிகழ்ச்சியையும் ஒரே பருவத்தில் முயன்றோம். உணவுக் கடையின் கணக்கு பார்க்க எளிது, ஆனால் ஏமாற்றக்கூடியது. எடுத்துக்காட்டாக, ஒரு தட்டின் பொருட்செலவு 22 ரூபாய், விற்பனை விலை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 தட்டுக்குப் பொருள் வாங்கினால் செலவு 6,600 ரூபாய். அத்தனையும் விற்றுப்போனால் 5,400 ரூபாய் மிஞ்சும். 200 தட்டுதான் விற்றது என்றால் மிஞ்சுவது 1,400 ரூபாய். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், மிச்சம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மழை பெய்தாலோ, பக்கத்துத் துறையும் அதே பஜ்ஜியைப் போட்டாலோ இது நடந்துவிடும். இதிலிருந்து நாங்கள் கண்டுகொண்ட வழி, பொருளையே நன்கொடையாகக் கேட்பது. பணம் கேட்டால் தயங்கும் மளிகைக் கடைக்காரர் ஒரு மூட்டைக் கடலையை மனமுவந்து கொடுக்கிறார். மாணவர்களின் அம்மாக்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் சுட்டு அனுப்புகிறார்கள். அப்போது விற்ற தொகை அப்படியே நிதியாகிறது, விற்காமல் போனாலும் கையைக் கடிப்பதில்லை. பத்து ரூபாய்க்குச் சுண்டல் வாங்குபவர் தாம் எவ்வளவு கொடுத்தோம் என்று எவருக்கும் காட்ட வேண்டியிருப்பதில்லை என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கலைநிகழ்ச்சி நேர் எதிரானது. முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே ஒலி, ஒளி, மேடை, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுத்தாக வேண்டும். டிக்கெட்டில் கணிசமான பங்கு இலவச அனுமதிச் சீட்டாகவே போய்விடுகிறது, கேட்பவரிடம் மறுக்கவும் முடிவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதால், தாமதமாகத் தொடங்கினால் கடைசி நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டியதுதான். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஏறத்தாழ ஒரு மாத உழைப்புக்குப் பின் கலைநிகழ்ச்சியில் மிஞ்சியது, ஒரே பகலில் உணவுக் கடைகளில் மிஞ்சியதைவிடக் குறைவு. ஆயினும், அந்த அரசுப் பள்ளிக் குழந்தைகள் அன்று மேடையேறிப் பேசியதைக் கேட்ட பெற்றோர் சிலர் அதன் பிறகு தாமாகவே அந்தப் பள்ளிக்குப் போய்ப் புத்தக அலமாரி வாங்கிக் கொடுத்தார்கள். நிதிக்காக மட்டும் கலைநிகழ்ச்சி நடத்த வேண்டாம் என்பேன். கல்லூரி அரங்கமும் ஒலியமைப்பும் வாடகையின்றிக் கிடைத்து, உதவி பெறுபவர்களை ஊராருக்கு அறிமுகப்படுத்துவதும் நோக்கமாக இருந்தால் தாராளமாக நடத்தலாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது கடை போடவும் மேடை கட்டவும் நேரம் இருக்கவில்லை. கியூஆர் அட்டையை அச்சிட்டு ஒட்டினோம். வேகத்தில் இதற்கு ஈடாக மற்ற எதையும் சொல்ல முடியாது. ஆனால் யாருடைய கணக்கின் கியூஆர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாளில் ஆர்வமிக்க ஒரு மாணவர் தம் சொந்தக் கணக்கின் கியூஆரை வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார். அவர் நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை, ஆனாலும் அவருடைய விடுதிக் கட்டணமும் நிவாரணப் பணமும் ஒரே கணக்கில் கலந்தபின் பிரித்துக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கோ, பதிவு பெற்ற அறக்கட்டளையின் கணக்கிற்கோ நேரடியாகச் செலுத்தச் செய்வதே சரி. வரிவிலக்கு கேட்கும் பெற்றோருக்கும் அதுவே பயன்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் அந்த விலக்கு இல்லை. சிங்கப்பூர் உறவினர் அனுப்புவதாகச் சொன்னால், அவர் இன்னும் இந்தியக் குடிமகன்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

அவசர நிவாரணத்துக்கு அறக்கட்டளையின் கியூஆரும் வாயிலில் ஓர் உண்டியலும், பொறுத்துச் செய்யும் பணிகளுக்கு நன்கொடைப் பொருளில் நடக்கும் உணவுக் கடையும் என்பதே என் தேர்வு. பொறுப்பை ஒப்படைத்தபோது, எண்ணிட்ட இரசீதுப் புத்தகங்களோடு அந்தக் கழற்றிய பெயர்ப் பட்டியலையும் கோப்பில் வைத்து, ஏன் கழற்றினோம் என்பதைப் புதிய அலுவலரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.