பத்து மீற்றர் பயிற்சிக் கயிறு: மான்கள் உலவும் ஊரில் ஓர் இளம் லாப்ரடோருடன்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றிப் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் உலவுவது நம் ஊரின் அழகு. துரத்தும் வேட்கை மிகுந்த இளம் நாயை வைத்திருப்பவருக்கு அதுவே பெரும் சோதனை. எங்கள் பதினொரு மாத லாப்ரடோர் முதல் மானைக் கண்டதும் உடல் விறைத்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றான். பெயர் சொல்லி அழைத்தது அவன் காதில் விழவேயில்லை.

அதன் பின்னரே நகரத்துக் கடையொன்றில் இந்த நைலோன் கயிற்றை வாங்கினேன். சுடப்பட்ட பறவையைச் சிதைக்காமல் எடுத்துவருவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனத்தின் வேட்கையை அதட்டி அழிக்க இயலாது. ஆகவே மான்கள் சிறு புள்ளிகளாய்த் தெரியும் தூரத்தில் நின்று, அவன் தானாகத் திரும்பி என்னைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் துணிப்பொதியை எதிர்த்திசையில் எறிந்து, எடுத்துவர விட்டேன். துரத்தல் ஒருமுறை வெற்றி பெற்றாலும் அதுவே பழக்கமாகிவிடும் என்பதால், அந்த வாய்ப்பையே கொடுக்காத இக்கயிறு மூன்று மாதங்களில் தன் விலைக்கு மேலாகவே உழைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. கயிற்று நுனியிலுள்ள கொளுவி கடற்காற்றில் ஒரு மாதத்திற்குள் கறள் பிடித்ததால், துருப்பிடிக்காத உருக்குக் கொளுவி ஒன்றை மாற்றிப் பூட்டினேன். நைலோன் உள்ளங்கையை உரசிச் சுடுமாதலால் கையுறை கட்டாயம். கயிற்றைக் கழுத்துப்பட்டியில் ஒருபோதும் பூட்டாதீர்கள். பாய்ந்தோடும் நாய் சடுதியாக நிறுத்தப்படும்போது கழுத்து காயப்படும், மார்புப்பட்டியே பாதுகாப்பானது.